தேயாத நெஞ்சு

நவநீதன் முதல் தடவை அறைக்குள் வந்தபோது கோகிலவாணி அவனைக் கவனிக்கவே இல்லை. கதவைத் திறந்து வந்து, மேசைக்கு எதிரே நின்று, இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, பிறகு சும்மா நின்றிருக்கிறான். கணினியில் ஏதோ பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டியபோதுதான் ஆள் நிற்பது தெரிந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தானுங்க மேடம்."

அவனுக்குக் கொடுத்திருந்த நேரம் பத்து. கடிகாரம் பத்தே கால் காட்டியது.

இந்த ஆளா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கோப்பில் இருந்த ஆள் வேறு மாதிரி. ஒரே வருடத்தில் நூற்று நாற்பது புகார்கள். மூன்று தடவை சைலன்சரைப் பிடுங்கியிருக்கிறார்கள். மூன்று தடவையும் மறுநாளே இன்னொன்றை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு வாரம் உள்ளே வைத்துவிட்டு விட்டபோது, காவல் நிலையத்தையே வண்டியில் நான்கு சுற்றுச் சுற்றி ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். எதிரே நின்றவனோ இருபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கசங்கிய சட்டை, பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துபோகிற முகம்.

திருப்பூரில் அப்போது பெட்ரோல் வண்டிகள் அருகிவிட்டிருந்தன. பஸ், லாரி, ஸ்கூட்டர் எல்லாம் மின்சாரத்தில் பூனை மாதிரி நகர்ந்தன. வீதியில் காக்கை கரைவதும் பாத்திரம் கழுவுவதும் கேட்கும். அந்த அமைதிக்குள் நூறு, நூற்றைம்பது பேர் பழைய மோட்டார் சைக்கிள்களின் சைலன்சரை அறுத்துவிட்டு வெடி வெடிப்பது போல முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். அபராதம் பலிக்கவில்லை, சிறையும் பலிக்கவில்லை. அப்போதுதான் மனநல மருத்துவர் கோகிலவாணியின் திட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆறு வருட உழைப்பு அது.

"சட்டையக் கழட்டுங்க. இத நெஞ்சுல கட்டணும்," என்று நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டையை எடுத்தாள்.

"இது ஷாக் அடிக்குமுங்களா?"

"அடிக்காது. எல்லார் கையிலயும் இன்சூரன்ஸ்காரங்க கட்டிவிட்ட பட்டை இருக்குதில்ல? நாடி பாக்கறது. நீங்க வண்டிய முறுக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்க நெஞ்சு தூக்கிப் போடுமில்லையா, அத அந்தப் பட்டை இதுக்கு அனுப்பும். அதே அதிர்ச்சி உங்க நெஞ்சுல விழும்."

"எல்லாரோடதுமா?"

"இருநூறு மீட்டருக்குள்ள இருக்கற எல்லாரோடதும். தொட்டில்ல தூங்கற குழந்தை, ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறவங்க, எல்லாரும். சைலன்சர நாங்க தொடமாட்டோம். முறுக்கறதும் முறுக்காததும் உங்க இஷ்டம். ஆனா என்ன பண்றோம்னு உங்களுக்குத் தெரியணும்."

அவன் பட்டையைத் தடவிப் பார்த்தான். "அவங்களுக்கு என்னையத் தெரியுமுங்களா?"

"தெரியாது. உங்களுக்கும் அவங்க யாருன்னு தெரியாது."

முதல் நாள் அவன் மார்க்கெட் வளைவில் வழக்கம்போல முறுக்கியிருக்கிறான். மறுகணம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாக்கடைத் திட்டில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். கேமராவில் அதைப் பார்த்த கோகிலவாணிக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சியைத் திட்ட இயக்குநர் தாமோதரனுக்கு அனுப்பினாள். அவர் அதை மேலே அனுப்பினார். இரண்டாவது வாரத்தில் நவநீதனின் முறுக்கல் ஒரு நாளைக்கு நாற்பதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. ஆறாவது வாரத்தில் மூன்று. பட்டை கட்டிய முப்பது பேருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அடுத்த வருடம் பன்னிரண்டு மாவட்டங்களுக்கு விரிவாக்கலாம் என்று கோப்பு நகரத் தொடங்கியது.

ஏழாவது வாரம், வேறு எதையோ தேடப்போய், கோகிலவாணி அதுவரை பார்க்காத ஒரு கணக்கைப் பார்த்தாள். நவநீதன் முறுக்குவது குறைந்திருந்ததே தவிர, அவன் நெஞ்சில் விழுகிற அதிர்ச்சி குறையவில்லை. கூடியிருந்தது. முன்பு நாற்பது முறுக்கலில் வாங்கியதைவிட இப்போது மூன்றே முறுக்கலில் அதிகமாக வாங்கிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவன் வந்ததும் கதவைச் சாத்தினாள். அந்த அறையில் மட்டும் கேமரா கிடையாது. வருகிறவர்கள் மனம்விட்டுப் பேசவேண்டும் என்று அவளே கேட்டு எடுக்கவைத்திருந்தாள்.

"நவநீதன், ஒளிக்காம சொல்லுங்க. எங்க போய் முறுக்கறீங்க?"

அவன் வெட்கப்பட்டான். காதலைப் பற்றிக் கேட்டால் வருகிற வெட்கம்.

"மார்க்கெட்டுல ஒண்ணும் இல்லீங்க மேடம். அங்க எல்லாம் தேஞ்ச நெஞ்சு. கத்திக் கத்தியே மரத்துப்போச்சு. பஸ் ஸ்டாண்டும் அப்படித்தான். ஆனா பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்குதுங்க. அங்க வயித்துலயும் பட்டை கட்டறாங்களா, ரெண்டு ரெண்டா வரும். அம்மாவோடது ஒண்ணு, வயித்துக்குள்ள இருக்கறது ஒண்ணு. உள்ள இருக்கறது சின்னதா, மீன் குஞ்சு வாலடிச்ச மாதிரி."

"முதல் நாள் அழுதீங்களே?"

"ஆமாங்க. அழாம எப்படீங்க?" அவன் முன்னால் சாய்ந்தான். "நான் கட்டிங் மெஷின் பாக்கற ஆளுங்க. பதினாலு மெஷின், நான் ஒருத்தன். காலைல போனா ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேச ஆளில்ல. எங்கண்ணன் வூட்டுலதான் இருக்கறன். அண்ணி நாலு பேருக்கு தோசை ஊத்தி முடிச்சப்பறம்தான் அட, நீ இருக்கறயான்னு கேப்பாங்க. தப்பா இல்லீங்க, நெசமாவே மறந்துருவாங்க. டீக்கடையில எனக்குப் பின்னாடி வந்தவன் குடிச்சுட்டுப் போயிருவான். வண்டிய முறுக்கினா ஒரு வீதியே திரும்பிப் பாக்கும். திட்டுவாங்க. திட்டறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் முறுக்கறது. மத்தவங்களுக்கு எப்படின்னு தெரியாது, எனக்கு அதுக்குத்தான். ஆனா வண்டி தாண்டினதும் மறந்துருவாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். நீங்க இதக் கட்டிவிட்டப்பறம்தான் தெரிஞ்சுது, அது அவங்க உள்ள வரைக்கும் போகுதுன்னு. நான் அவங்க நெஞ்சுக்குள்ள போறனுங்க மேடம். இத்தன வருசத்துல ஆரும் என்னைய அப்படி உள்ள விட்டதில்ல."

அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள். "அவங்களுக்கு அது வலின்னு தெரியுதில்ல?"

"தெரியாம? எனக்கும்தானுங்களே வலிக்குது. சேந்து வலிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வாய்க்கால்மேட்டு வீதியில ஒரு மஞ்ச வீடு இருக்குதுங்க. மாடியில ஒரு நெஞ்சு. அந்த மாதிரி நான் பார்த்ததில்ல. கொஞ்சமும் தேயாத நெஞ்சு. தெனமும் நாலு மணிக்கு, டீ குடிக்க விடறப்ப போவேன், ஒரு தடவதான். ரெண்டாவது தடவ முறுக்கமாட்டேன். அது தாங்காதுங்க. திரும்பி நிதானத்துக்கு வர்றதுக்கு நெம்ப நேரம் எடுக்கும். அது அடங்கற வரைக்கும் வீதி முக்குலயே நின்னு பார்த்துட்டு அப்பறம்தான் போவேன்."

அன்று மாலையே அவள் தாமோதரனிடம் போய் திட்டத்தை நிறுத்தவேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நூறு பேர் தூக்கம் கெட்டது இன்னைக்கு பத்து பேராச்சு. நீங்களே போட்ட கணக்கு. இப்பப் போய் அந்தப் பத்து பேருக்கு முன்னவிட ஜாஸ்தியா வலிக்குதுன்னு சொன்னா மேல யார் கேப்பாங்க? ஒரு பையன் உளறினத வச்சுட்டு ஆறு வருசத்தக் குப்பையில போடறீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போன பிறகும் அதையே யோசித்தாள். உளறலாகவும் இருக்கலாம். அவள் பட்டையை ஆய்வுக்கூடத்தில் கட்டிப் பார்த்திருக்கிறாள், பொம்மை நாடிகளை வைத்து. வீதியில் கட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நவநீதன் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் கதவோரம் மாட்டிவிட்டு, வழக்கம்போல பட்டையைச் சரிபார்க்கக் கழற்றிக் கொடுத்தான். கோகிலவாணி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிச் சாவி குடுங்க. ஒரு சுத்து போய்ட்டு வர்றேன்."

"உங்களுக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியுமுங்களா?"

"காலேஜ்ல எங்கப்பா வண்டிய ஓட்டினவதான்."

அவன் தயங்கினான். சாவியைக் கொடுத்துவிட்டு, "மேடம், எங்க வேணும்னாலும் போங்க. மஞ்ச வீட்டுப் பக்கம் போனா ஒரு தடவதான். மறந்துராதீங்க," என்றான்.

அவள் அவனுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினாள். வாசல் கேமராவுக்கு நவநீதன் வந்தான், நவநீதன் போனான். பட்டைக்கோ தன் எண் மட்டும்தான் தெரியும், யார் நெஞ்சில் இருக்கிறோம் என்று தெரியாது.

முதலில் பிரதான சாலையில் லேசாக முறுக்கினாள். நெஞ்சில் மழைத்துளி விழுந்த மாதிரி ஏதோ பட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது கொஞ்சம் அழுத்தி முறுக்கினாள். ஒரு கூட்டமே உள்ளே ஓடிவந்து கதவைத் தட்டியது போல விலா எலும்புகள் அதிர்ந்தன. அவளுக்கு மூச்சு முட்டியது. வலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வலிக்குள் ஒருவர் இருந்தார், இன்னொருவர் இருந்தார், நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் ஒரே நொடியில் அவளை நோக்கித் திரும்பினார்கள். பதினான்கு வருடங்களாக அவள் கணவன் சாப்பாட்டு மேசையில் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" என்று மட்டும் சொல்கிறவன். அந்த நேரத்தில் அவன் ஞாபகம் ஏன் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

வாய்க்கால்மேட்டு வீதிக்கு வண்டி தானாகத் திரும்பவில்லை. அவள்தான் திருப்பினாள்.

வீதியில் ஈ காக்கை இல்லை. மஞ்சள் வீட்டின் மாடி ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை முறுக்கினாள்.

அவன் சொன்னது உண்மைதான். அது மற்றவை போல மோதவில்லை. எழுந்து வந்தது. ஒரு ஆள் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, இருட்டில் கைகளை நீட்டி, "யாரு? யாரு?" என்று தேடுவது போல அந்த நெஞ்சு அவள் நெஞ்சுக்குள் துழாவியது. அவளுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். அடங்குவதற்குள் கை முறுக்கிவிட்டது.

இரண்டாவது இன்னும் பெரிதாக வந்தது. மூன்றாவதில் ஒரு படபடப்பு, பிறகு ஒரு தடுமாற்றம், பிறகு ஒன்றுமில்லை. பிடித்துக்கொண்டிருந்த கையை யாரோ மெதுவாக விட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் அவளால் பின்னாளில் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவள் அதைத் தேடினாள். முழுப் பலத்தோடு இன்னும் இரண்டு முறை முறுக்கினாள். பக்கத்து வீட்டு நெஞ்சுகள் மோதின, எதிர்வீட்டு நெஞ்சுகள் மோதின. அது மட்டும் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி, பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நவநீதன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எத்தன தடவைங்க?"

அவள் வண்டிச் சாவியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஈரமான கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நாலேகாலுக்குப் போன் வந்தது.

"மேடம், மஞ்ச வீட்டுல ஒண்ணும் வர்லீங்க. வாசல்ல பந்தல் போடறாங்க."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இறந்தவர் பெயர் அர்த்தநாரி. அறுபத்து நான்கு வயது. விசைத்தறி ஓட்டியவர். அறுவை சிகிச்சை முடிந்து, மகள் மலர்க்கொடி வீட்டு மாடியில் இரண்டு மாதமாகப் படுத்திருந்தார். மகள் கீழே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அவருடைய கைப்பட்டையையும் நவநீதனின் நெஞ்சுப்பட்டையையும் ஒத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அவனைப் பிடித்தார்கள்.

சொல்லிவிடுவது என்றுதான் கோகிலவாணி முடிவு செய்தாள். அன்றே சொல்வது என்று நினைத்தாள். பிறகு வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்வது என்று நினைத்தாள். பிறகு நீதிமன்றத்தில், எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை என்று நினைத்தாள். நடந்ததையெல்லாம் எழுதிய கடிதம் கைப்பையில் இருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்றைக்குப் பட்டை சரியாக வேலை செய்ததா?"

"செய்தது," என்றாள். அது பொய்யில்லை.

அடுத்த வார்த்தைக்காக அவள் மூச்சை இழுத்தபோது, எதிர்ப்பக்கம் நவநீதன் எழுந்து நின்றான். அவளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தான்.

"நான்தானுங்க அய்யா. அஞ்சு தடவ முறுக்கினேன். அந்த நெஞ்சு தாங்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுமுங்க."

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையிலிருந்து மலர்க்கொடி, "டேய் நவநீதா, நீ நாசமாப் போவ! உன் பேரச் சொல்லிச் சொல்லி வயிறெரிவேண்டா!" என்று அலறினாள். கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் முதுகு நிமிர்ந்தது. அந்த முகத்தை அன்றைக்கு யாரும் மறந்திருக்க முடியாது.

அவனுக்கு ஏழு வருடச் சிறை கிடைத்தது. கடிதத்தை அவள் கிழித்துப் போட்டாள். தனக்காக அவன் பழியை ஏற்றுக்கொண்டான் என்று பல மாதங்கள் நம்பினாள். நம்பியதால் தூங்க முடிந்தது.

பதினோரு மாதம் கழித்துத் திட்டத்தின் தொடர் ஆய்வு என்ற பெயரில் சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் வந்து உட்கார்ந்தவன் சற்றுச் சதை போட்டிருந்தான்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க. இங்க எல்லாருக்கும் என்னையத் தெரியும். மோட்டார்க்காரன்னுதான் கூப்பிடுவாங்க. சாப்பாட்டு வரிசையில எடம் புடிச்சு வெப்பாங்க."

"நான் போய் உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன், நவநீதன்."

அவன் முகம் வெளிறிவிட்டது. வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

"வேணாமுங்க மேடம். உங்க கால்ல வேணாலும் விழறேன். மலர்க்கொடியம்மா மாசம் ஒருக்கா வர்றாங்க. இதே சேர்லதான் உக்காருவாங்க. அரை மணி நேரம் பேரச் சொல்லித் திட்டுவாங்க, அழுவாங்க, அடுத்த மாசமும் வருவேன்னு சொல்லிட்டுப் போவாங்க. தெனமும் ராத்திரி என்னைய நெனச்சு முழிச்சுட்டு இருக்கறாங்களாமுங்க. எனக்கு அவங்க மட்டும்தான். நீங்க சொல்லிட்டா அவங்க உங்ககிட்ட வந்துருவாங்களே."

அவன் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது நின்னப்ப எப்படி இருந்துச்சுங்க?"

எழுந்து போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லாததை, எழுந்து வந்ததையும் துழாவியதையும் தடுமாறியதையும் விட்டுப் போனதையும், ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் கை தன் நெஞ்சின்மேல் இருந்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும், "நானா இருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பனுங்க," என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. கோகிலவாணியை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள்.

"நீங்க அவனத் திருத்தறதுக்கு இருந்த டாக்டரம்மாதானுங்களே? திருந்துனானுங்களா அவன்?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

"இல்லீங்க," என்றாள் கோகிலவாணி. "இன்னும் இல்ல."

"எனக்குத் தெரியும்." மலர்க்கொடியின் உதடு துடித்தது. "நீங்களாச்சும் அவன விடாம வந்து பாக்கறீங்களே. நீங்க நல்லா இருக்கணும்." சொல்லிக்கொண்டே கோகிலவாணியின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

உள்ளே போய்ப் பேசவேண்டியதை நினைத்து மலர்க்கொடியின் நாடி மணிக்கட்டில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோகிலவாணியின் விரல்கள் அதன்மேல் பட்டன. காவலர் வந்து மலர்க்கொடியின் பெயரைக் கூப்பிட்டார். மலர்க்கொடி கைகளை விட்டாள். கோகிலவாணி விடவில்லை.